நான் புரோக்கர் இல்லை

அந்தச் சான்றிதழை நான் லேமினேட் செய்து வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷின் சூடாக வேண்டும் என்று கடைக்காரர் கால் மணி நேரம் நிற்க வைத்தார். மழை வேறு. பொறுமையாக நின்று, சூடு ஆறாத அந்த அட்டையை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அது ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ். என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வியாபாரப் பெயர் என்று ஒன்று இருந்தது. என் பெயரோடு லேண்ட் ப்ரமோட்டர்ஸ் என்று சேர்த்து அச்சடித்திருந்தார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கணக்கு டீச்சராக இருப்பவள், அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் லேமினேட் செய்யக் கொடுத்தேன்.

எங்கள் ஆட்களுக்குக் காகிதம் என்றால் ஒரு பைத்தியம். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்கள் நாங்கள். அங்கே காகிதம் இல்லை என்று சொல்லித்தான் எங்களை நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள். இங்கே வந்து இறங்கியபோது கையில் காகிதம் இருந்ததால்தான் ஒரு எஸ்டேட்டில் வேலையும் லயம் என்கிற வரிசை வீட்டில் காம்பரா என்கிற ஒரே அறையும் கிடைத்தன. அதனால் எங்கள் வீடுகளில் எந்தக் காகிதத்தையும் எரிக்க மாட்டோம். என் அப்பா செத்தபோது அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால், பாஸ்போர்ட்டும் ஃபேமிலி கார்டும் மட்டுமல்ல, எப்போதோ காது வலிக்கு மருந்து எழுதின சீட்டு, ரேடியோ லைசென்ஸ் எல்லாம் இருந்தன. தேவைக்கு மேல் ஒரு காகிதம் இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிற வம்சம். என்னை மாட்டிவிட்டது அந்தத் தேவைக்கு மேலான ஒன்றுதான்.

விஷயம் லயத்திலிருந்து தொடங்குகிறது. எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனவர்களுக்கு சர்வீஸ் பணம் வர வேண்டும். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் பணம் என்பார்கள். வீட்டைக் காலி செய்தால் போக இடம் வேண்டும். இடம் வாங்கப் பணம் வேண்டும். பணம் வர வேண்டுமானால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட எழுந்து நின்று, டீச்சர் இந்தக் கணக்கு தப்பு என்று சொல்லும். ஆனால் முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர்கள் இதே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்று கிழடாகிக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவும் அதில் மாட்டினார். ஒரு புரோக்கரிடம் இரண்டு சென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அந்த ஆள் முழுசாக விழுங்கிவிட்டு ஊரை விட்டே போய்விட்டான். அப்பா கடைசியில் ஒரு வாடகை அறையில் செத்தார்.

அன்றிலிருந்து புரோக்கர் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு வாய் கசக்கும். இந்த மலையில் பள்ளத்தாக்கு தெரிகிற ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் நிற்பார்கள். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். தேயிலையைப் பிடுங்கிப்போட்ட சரிவைக் காட்டி, வியூ இருக்கு சார், வியூ இருக்கு சார் என்று பல்லிளிப்பார்கள். பஸ்ஸில் போகும்போது அவர்களைக் கண்டால் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவேன். பக்கத்து சீட்டுக்காரர் காற்று வேண்டும் என்று முறைத்தாலும் ஏற்ற மாட்டேன்.

அப்படிப்பட்ட என்னிடம் எட்டுக் குடும்பங்கள் வந்தன. முன்னால் நின்றவள் அத்தை. சொந்த அத்தை இல்லை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவேன். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டுக்குக் கீழே ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். அங்கே ஒருவர் நாற்பது சென்ட் தேயிலையை விற்கப்போகிறார் என்று செய்தி கொண்டுவந்தாள். பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம் அது. ஆனால் அவர் துண்டு போட்டுக் கொடுக்க மாட்டாராம். மொத்தமாக ஒரே ஆளுக்குத்தானாம்.

"நீ மொத்தமா வாங்கி வை புள்ள," என்றாள் அத்தை. "நாங்க அதுல கொட்டாய் போட்டுக்கிட்டு வந்துடுறோம். தொரைகிட்ட சாவியக் குடுத்துட்டா காசு வந்துடும். வந்ததும் ஒவ்வொருத்தரா உன்கிட்ட எழுதி வாங்கிக்கிறோம். உனக்குன்னா பேங்க்ல லோன் குடுப்பான். எங்களுக்கு யாரு குடுப்பா?"

பேங்கில் லோன் எடுத்தேன். இரண்டு வளையலையும் அடகு வைத்தேன். நாற்பது சென்ட்டும் என் பெயருக்கு வந்தது. எட்டுக் குடும்பங்களையும் அந்தச் சரிவில் நிற்க வைத்துச் சொன்னேன்: ஆளுக்கு நாலு சென்ட், முப்பத்திரண்டு ஆச்சு. மீதி எட்டு சென்ட் பாதைக்கும் தண்ணிக்கும் போய்விடும். நான் கொடுத்த மொத்த விலையை எட்டாகப் பிரித்து அதை மட்டும் கொடுங்கள், எனக்கு ஒரு பைசா லாபம் வேண்டாம். அதைச் சொல்லும்போது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. சரிவுக்கு மேலே ரோட்டில் போகிற புரோக்கர்கள் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னதாகக்கூட ஞாபகம்.

இரண்டு வருஷத்தில் எட்டுப் பேருக்கும் சர்வீஸ் பணம் வந்து சேர்ந்தது. எனக்குத் தர வேண்டியதைச் செக்காகத்தான் கொடுத்தார்கள். என் பாஸ்புக்கில் எட்டு வரவும் இருக்கிறது. எட்டுப் பத்திரத்தையும் எழுதியவர் ஒரே ஆள். அவர் போர்டில் பத்திரம், பட்டா, பான் கார்டு, ஜிஎஸ்டி, திருமணப் பதிவு என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்த ஆளை நினைத்தால் எனக்கு முதலில் வர்க்கி ஞாபகம் வரும். ஒவ்வொரு தடவையும் டீயில் வர்க்கியைத் தோய்த்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டு, அந்த விரலோடேயே என் தாய்ப்பத்திரத்தைப் புரட்டுவார். எண்ணெய் விரல் ரேகை இன்னும் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த மிச்சத் துணுக்குகளை என் பத்திரத்தாலேயே மேஜையிலிருந்து தள்ளிவிட்டதையும் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க சிஸ்டர்," என்றார். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்ததிலிருந்து நான் அவருக்கு சிஸ்டர். "நீங்க வாங்குனதுக்கு அப்புறம் வழிகாட்டி மதிப்பு ஏறிப்போச்சுங்க. பழைய ரேட்டுல எழுதுனா கேள்வி வருமுங்க. ஏறுன மதிப்பையே விலைன்னு போட்டுட்டா சோலி முடிஞ்சுதுங்க."

"நான் அவ்வளவு வாங்கலையே?"

"வாங்குனா என்னுங்க, வாங்காட்டி என்னுங்க. பேப்பருக்குத் தெரியப்போகுதுங்களா?"

வழிகாட்டி மதிப்பு என்பது அரசாங்கம் ஒவ்வொரு இடத்துக்கும் வைத்திருக்கிற குறைந்தபட்ச விலை. வாங்குகிறவரும் விற்கிறவரும் என்ன பேசிக்கொண்டாலும் முத்திரைத் தீர்வை அதன் மேல்தான். நான் பழைய விலைக்கே கொடுத்தேன். பத்திரமோ நான் அதிகம் வாங்கியதாகச் சொன்னது. வீட்டு மனை என்று எழுதினால் அனுமதி அது இது என்று நிற்கும், அதனால் தேயிலை நிலம் என்றே எழுதுகிறேன் என்றார். அதற்கும் தலையாட்டினேன். வகுப்பில் ஒரு பிள்ளை விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி வழியை எழுதினால் காதைத் திருகுவேன். இங்கே எட்டுத் தடவை அதையே செய்து கையெழுத்தும் போட்டேன்.

எட்டாவது பத்திரம் முடிந்த அன்று அவர் கைக்குட்டையில் இரண்டு சொட்டுத் தைலம் விட்டு மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"எட்டுப் பேருக்கு வித்திருக்கறீங்க சிஸ்டர். விக்கறவங்களுக்கு சேல்ஸ் டாக்ஸ் உண்டுங்களே. முன்னாடி சேல்ஸ் டாக்ஸ், இப்ப அதையே ஜிஎஸ்டிங்கறாங்க. நம்பர் இல்லாம வித்தீங்கன்னா நாளைக்கு ஊட்டுக்கே வந்து நிப்பாங்க. கவர்மென்ட் சம்பளம் வேற வாங்கறீங்க."

அங்கேதான் என் வம்சம் என் காதில் பேசியது. ஒரு காகிதம் கூட இருந்தால் நல்லதுதானே? சரி, எடுத்துக் கொடுங்கள் என்றேன். பதிவுக்கு ஒரு ஃபீஸ், அவசரத்துக்கு ஒரு ஃபீஸ். அப்புறம் மாதாமாதம் 'ஒன்றும் விற்கவில்லை' என்று கணக்கு அனுப்புவதற்கும் ஒரு ஃபீஸ். ஒன்றும் விற்கவில்லை என்று சொல்ல மறந்தால் அதற்கும் அபராதம் உண்டாம். ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, வெறும் நிலத்தை விற்றால் சேல்ஸ் டாக்ஸும் கிடையாது, ஜிஎஸ்டியும் கிடையாது. சோப்புக்கு உண்டு, பிஸ்கட்டுக்கு உண்டு, லேமினேட் செய்கிற பிளாஸ்டிக்குக்கும் உண்டு. நிலத்துக்கு இல்லை. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணத்தோடு சரி. இல்லாத ஒரு வரிக்குப் பயந்து, இல்லாத ஒரு கம்பெனிக்கு நான் முதலாளி ஆனேன்.

வருமான வரி நோட்டீஸ் போனில் வந்தது. ஸ்டாஃப் ரூமில் காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். நிலம் விற்றதில் வந்த வியாபார லாபத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். வியாபாரம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கட்டில் மிச்சம் இருந்த பேப்பர்களுக்கு என்ன மார்க் போட்டேன் என்று தெரியாது. மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி திருத்தினேன்.

குன்னூரில் ஒரு ஆடிட்டரிடம் போனேன். மஃப்ளருக்குள்ளிருந்து பேசுகிற மனிதர். தலை நிமிராமல் சொன்னார்.

"டவுன் எல்லைக்கு வெளிய, கிராமத்துல இருக்கற டீ நிலத்த சொந்தத்துக்கு வாங்கி வச்சிருந்து வித்தா வருமான வரியே இல்லை மேடம். உங்க இடம் எல்லைக்கு நல்லா வெளிய இருக்கு. ஆனா விக்கறதுக்குன்னே வாங்கி, துண்டு போட்டு, லாபத்துக்கு வித்தா அது வியாபாரம். அதுல டீச்செடி இருந்தா என்ன, பலாமரம் இருந்தா என்ன, லாபத்துக்கு வரி உண்டு."

"லாபமே எடுக்கலையே சார்? பாஸ்புக்கைப் பாருங்க."

"பாஸ்புக்குல இல்லை. பத்திரத்துல இருக்கே. நீங்க கம்மியா எழுதியிருந்தாலும் சட்டம் வழிகாட்டி மதிப்பைத்தான் விலைன்னு எடுத்துக்கும். அதனால வாங்குனது எவ்வளவுங்கறது இல்லை பேச்சு. நீங்க வியாபாரியா, இல்லையா? அதான் பேச்சு."

அப்போதுதான் நான் பையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து மேஜை மேல் வைத்தேன். நான் ஒழுங்காக எல்லாம் செய்திருக்கிறேன் என்று காட்டுவதற்காக. அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் வாங்கச் சொன்னாங்க?"

சொன்னேன்.

"அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது முன்பகை உண்டா மேடம்?"

அவர் ஒரு வழி சொன்னார். வியாபாரி என்றே ஒத்துக்கொள்ளுங்கள், பேங்க் லோன் வட்டியைச் செலவில் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டிவிட்டுப் போய்விடலாம் என்றார். முடியாது என்று எழுந்தே விட்டேன். பணம் பெரிய விஷயம்தான். வளையல் இன்னும் அடகுக்கடையில்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் புரோக்கர் இல்லை என்று அந்த ஆபீஸ் எழுதித்தர வேண்டும். என் அப்பாவை ஏமாற்றிய ஆளும் நானும் ஒரே வரிசையில் வரக்கூடாது.

"அப்படின்னா வாங்குனவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க," என்றார் ஆடிட்டர். "டீச்சர் லாபம் எதுவும் எடுக்கலைன்னு. ஒருத்தரை நேர்லயும் கூட்டிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தையின் வீட்டுக்குப் போனேன். கொட்டாய் இப்போது ஹாலோ பிளாக் வீடாகியிருந்தது. எட்டுக் குடும்பத்தையும் வரச்சொல்லியிருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஸ்கூலில் வருகைப் பலகை எழுதுவதே நான்தான். எட்டுத் தாளில் எட்டுத் தடவை எழுதினேன்: இந்த நிலத்தில் டீச்சர் எங்களிடமிருந்து பணமாகவோ பொருளாகவோ நிலமாகவோ எந்த லாபமும் பெறவில்லை. 'நிலமாகவோ' என்பதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நானாகத்தான் சேர்த்தேன். உரக்கப் படித்துக் காட்டினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காகிதம் என்றால் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை முதலில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

கம்ப்யூட்டர் வழியாக இரண்டு தடவை பதில் போட்டோம். கடைசியில் ஊட்டிக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அத்தை கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதிகாரி ஒரு சின்னப் பெண். கீழ்நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மேஜைக்கடியில் ஹீட்டர் வைத்திருந்தாள். சண்டை போடுவதற்குத் தயாராகப் போன எனக்கு அவள் மரியாதையே எரிச்சலாக இருந்தது. அத்தைக்கு நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.

"பத்திரத்துல டீ நிலம்னு இருக்கு மேடம். ஜிஎஸ்டியில லேண்ட் ப்ரமோட்டர்ஸ்னு இருக்கு. நீங்களே சொல்லுங்க, நாங்க எதை நம்பறது?"

பத்திரம் எழுதியவரைப் பற்றிச் சொன்னேன். சர்வீஸ் பணம், சாவி, லயம், லோன், எல்லாம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். எட்டுக் கடிதத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பாஸ்புக்கையும் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியதைக் கண்டேன். பிறகு எட்டுப் பத்திரத்தையும் அடுக்கிவைத்து, ஒரு பென்சிலால் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். தலைகீழாக இருந்தாலும் கணக்கு டீச்சருக்குக் கூட்டல் தெரியும்.

"ஆளுக்கு நாலு, முப்பத்திரண்டு. பொதுப்பாதைன்னு அஞ்சு சென்ட் எழுதியிருக்கீங்க. முப்பத்தேழு. வாங்கினது நாற்பது. மூணு சென்ட் எங்க மேடம்?"

மூன்று சென்ட் என் பெயரில்தான் இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். சரிவின் மேல்மூலை, ரோட்டை ஒட்டியது, ஊற்று இருக்கிற இடம். எட்டு வீட்டுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. பாதைக்கு எட்டு சென்ட் வேண்டும் என்று நான் சரிவில் நின்று சொன்ன அன்றே எனக்குத் தெரியும், ஐந்து போதும் என்று. சர்வேயர் அளந்து சொன்னது அதுதான். இரண்டு வருஷம் லோன் வட்டியைச் சம்பளத்திலிருந்து கட்டியவள், லீவு போட்டு அலைந்தவள், எனக்கு மூன்று சென்ட் வந்தால் என்ன என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் கூலி ஆகிவிடும் இல்லையா? கேட்காமல் எடுத்துக்கொண்டு, ஒரு பைசா வேண்டாம் என்று பேசிக்கொண்டிருக்கத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அந்த மூன்று சென்ட்டுக்கும் அந்த எட்டுப் பேர்தான் விலை கொடுத்திருந்தார்கள். பத்திரங்களை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். படித்துச் சொல்கிற ஆள் நான்தானே.

வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்து அத்தையின் குரல்தான் வந்தது.

"அது நாங்க டீச்சருக்குக் குடுத்ததுங்கம்மா. எட்டு வூடும் சேர்ந்து. அலைஞ்சதுக்கு."

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தாள். அத்தை கையெழுத்துப் போட்ட கடிதம் இன்னும் அவள் முன்னால்தான் இருந்தது. நிலமாகவோ என்ற என் அழகான எழுத்தை அவள் ஒரு தடவை பார்த்தாள். என்னைக் குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள்.

"அதைத்தாம்மா நாங்க லாபம்னு சொல்றோம்."

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. நிலம் வாங்கி விற்ற வியாபாரம் என்றே எழுதியிருந்தார்கள். ஆடிட்டர் வட்டியைக் கழித்துக் கொடுத்தார். அவர் முதலில் சொன்னதேதான். மீதியைக் கட்டினேன். வளையல் போனது. ஜிஎஸ்டி நம்பரை ரத்து செய்யவும் ஒரு விண்ணப்பம், ஒரு கடைசிக் கணக்கு, ஒரு ஃபீஸ். மூன்று சென்ட்டை அவர்களுக்கே எழுதிக்கொடுத்துவிடலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். இலவசமாக வாங்குகிறவர்களுக்கு அதையே வருமானம் என்று கேள்வி வந்தாலும் வரலாம், பார்த்துச் செய்யலாம் மேடம் என்றார். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் போல அசிங்கமான ஒன்றை நான் என்னிடம் அதற்கு முன் கண்டதில்லை. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பட்டா இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது.

ஆனால் வரியோ வளையலோ என்னை அரிக்கவில்லை. அன்று ஊட்டியிலிருந்து திரும்பிய பஸ்தான். அத்தை மார்க்கெட்டில் இறங்கி இரண்டு கிலோ கேரட் வாங்கிக்கொண்டாள், ஊரிலே இல்லாத மாதிரி. ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பையை வைத்துக்கொண்டாள். பஸ் லவ்டேலைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"எப்புடி?"

"நீங்க குடுத்ததா."

"பின்ன? நீயா எடுத்துக்கிட்டன்னு சொல்லச் சொல்றியா?"

அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்ட போ. நாப்பது வருசம் நெரை புடிச்சுக் கொழுந்து எடுத்தவ நான். எந்த நெரையில எத்தன செடி நிக்கிதுன்னு கண்ண மூடிச் சொல்லுவேன். மூணு சென்டு தெரியாதா எனக்கு? கல்லு நட்ட அன்னிக்கே தெரியும். எட்டு வூட்டுக்கும் தெரியும். அன்னிக்கு நீ அந்தக் கடுதாசியப் படிச்சப்ப எங்களுக்குச் சிரிப்ப அடக்க முடியல."

"அப்ப ஏன் அத்தை ஒருத்தருமே கேக்கலை?"

"என்னத்துக்குக் கேக்கிறது? புரோக்கர்னா ஒரு பங்கு எடுக்கத்தானே செய்வாங்க. உங்கப்பாருகிட்ட வந்தவன் முழுசாக் கொண்டுக்கிட்டு ஓடுனான். நீ மூணு சென்டோட நின்ன. நல்ல புரோக்கருன்னுதான் நாங்க பேசிக்குவோம்."

அவள் குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். கோபமோ குத்தலோ இருந்திருந்தாலாவது நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமாக என்னைப் பற்றி அவர்கள் வைத்திருந்த எண்ணம் அவ்வளவுதான். அந்த எண்ணத்தைத் தப்பு என்று எழுதித்தரச் சொல்லித்தான் நான் அந்த ஆபீஸ் படி ஏறியிருந்தேன். அவர்களையே சாட்சியாகவும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

வெலிங்டன் தாண்டியதும் அத்தை பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துச் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவளே கடித்தாள்.

"என் தங்கச்சி மவ பந்தலூர்ல இருக்கா தெரியுமில்ல? அவளுக்கும் அடுத்த வருசம் சர்வீஸ் முடியுது. இங்கிட்டே ஒரு நாலு சென்டு பார்த்து வாங்கிக் குடு புள்ள. உனக்கு வேண்டியத எடுத்துக்க. இந்த வாட்டி தண்ணி இருக்கிற எடத்த மட்டும் அவங்களுக்கு வுட்டுடு."

குன்னூர் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அத்தை முதலில் இறங்கி, கேரட் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறந்துடாத என்றாள். நான் சரி என்றேன்.